சர்வோ மின்னழுத்த நிலைப்படுத்தியின் வகையும் தொழிலும்

மின்சாரம் இக்காலத்து மாந்தர் வாழ்வில் புகாத இடமில்லை. இல்லத்தில் விளக்கேற்றுவதும், கழனிக்கு நீரிறைப்பதும், ஆலையில் பொறிகளை ஓட்டுவதும், மருத்துவமனையில் நோய் காட்டும் கருவிகளை இயக்குவதும் அதுவே. அங்ஙனமாயினும், மின்சாரம் உளதா இலதா என்று நோக்குவார் பலர். உள்ள மின்சாரம் செவ்விய அளவில் உளதா என்று நோக்குவார் சிலர். விளக்கு எரிந்தாற் போதும் என்றிருப்பவர், பொறி எரிந்த பின்னரே அளவைப் பற்றி வினவுகின்றனர். அவ்வளவைக் காத்தற்கென அமைந்த கருவிகளுள் சிறந்த ஒன்று சர்வோ மின்னழுத்த நிலைப்படுத்தி. கடைத்தெருவில் சர்வோ ஸ்டெபிலைசர் என்று வழங்கும் இக்கருவியின் அமைப்பு யாது, அதன் வகைகள் எவை, அஃது எதனைச் செய்யவல்லது, எதனைச் செய்யமாட்டாது என்பவற்றை இக்கட்டுரையில் முறையே ஆராய்வோம்.

அளவு பிறழ்தலால் வரும் கேடு

குழாயில் நீரை உந்துவது நீரழுத்தம். அதுபோலக் கம்பியில் மின்னோட்டத்தை உந்துவது மின்னழுத்தம். நம் நாட்டில் இல்லங்களுக்கு வழங்கும் மின்சாரத்தில் ஒரு பேஸ் கம்பிக்கும் நியூட்ரல் கம்பிக்கும் இடையே 230 வோல்ட்டு இருத்தல் வேண்டுமென்பது வரையறை. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், இத்தகைய வழங்கலில் குறித்த அளவினின்று நூற்றுக்கு 6க்கு மேல் ஏற்றமோ இறக்கமோ கூடாதென விதித்தன. அக்கணக்கின்படி மின்னழுத்தம் 216 வோல்ட்டிற் குறைதலும் ஆகாது; 244 வோல்ட்டின் மிகுதலும் ஆகாது. ஆயின், மின்மாற்றியினின்று நெடுந்தொலைவு ஓடிய கம்பியின் கடைக்கோடியில், எல்லோரும் விளக்கேற்றும் மாலைப் பொழுதில் அழுத்தம் 180 அளவிற்கு இறங்குதலும், பலரும் பொறிகளை நிறுத்திய நள்ளிரவில் 250ஐத் தாண்டுதலும் உண்டு.

இப்பிறழ்ச்சியின் விளைவைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. 230 வோல்ட்டு இருக்கவேண்டிய இடத்தில் 184 வோல்ட்டே வருவதாகக் கொள்வோம். இது குறித்த அளவில் நூற்றுக்கு 80 ஆகும். நீர் காய்ச்சும் மின்னடுப்பின் வெப்பம் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலின் 80 என்பது 64 ஆகிவிடும். நீரிறைக்கும் மோட்டாரின் முறுக்கு விசையும் அவ்வாறே வர்க்க வீதத்திற் குறையும். நூற்றுக்கு 20 குறைந்த அழுத்தம், மோட்டாரின் வலிமையில் நூற்றுக்கு 36ஐ உண்டுவிடுகின்றது. மோட்டாரோ தன்மேல் ஏற்றிய சுமையைக் கைவிடுவதில்லை. அதனை இழுத்தற்கு மேலும் மின்னோட்டத்தை வாங்கும், சுருள் சூடேறும், காப்பு உருகும், இறுதியில் கருகிப்போம். அழுத்தம் 276 வோல்ட்டாக ஏறுமாயின் அடுப்பின் வெப்பம் நூற்றுக்கு 144 ஆகும். விளக்கும் நுண்கருவிகளும் விரைவில் அழியும். குறைவும் கேடு, மிகையும் கேடு என்பது இதனால் விளங்கும்.

சர்வோ என்னும் சொல்

அடிமை அல்லது ஏவலாள் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது சர்வோ என்பது. ஃபார்கோ என்னும் பிரெஞ்சுப் பொறியாளர், கப்பலின் சுக்கானை நீராவியின் வலியால் திருப்பும் தம் பொறியைப் பற்றி 1873இல் வெளியிட்ட நூலில், அதற்குச் சர்வோ மோட்டார் என்னும் பெயரை வழங்கினார். மாலுமி சிறு கைப்பிடியை எவ்வளவு திருப்பினானோ அவ்வளவே பெருஞ் சுக்கானும் திரும்பிற்று. கட்டளைக்கும் நிலைமைக்கும் வேறுபாடு உள்ளவரை உழைத்தலும், வேறுபாடு அற்றவுடன் ஓய்தலும் இவ்வேவலாளின் இலக்கணம்.

இக்கருத்தின் வேர் இன்னும் பழைமையானது. 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் அமைத்த சுழல் குண்டுகள், எஞ்சின் விரைந்தால் நீராவியைக் குறைத்தும், தளர்ந்தால் மிகுத்தும் வேகத்தைக் காத்தன. விளைவை அளந்து, அவ்வளவைக் கொண்டே காரணத்தைத் திருத்தும் இம்முறையைப் பின்னூட்டம் என்பர். நம் நிலைப்படுத்தியின் உயிர்நிலையும் இதுவே.

கருவியின் உறுப்புக்கள்

இக்கருவியின் உறுப்புக்களுள் தலையாயவை நான்கு. முதலாவது, மாறு மின்மாற்றி. நம் ஆய்வுக்கூடங்களில் வேரியாக் என்றும் டிம்மர்ஸ்டாட் என்றும் வழங்குவது இதுவே. வளையல் போன்ற இரும்பு உள்ளகத்தின்மேல் செப்புக்கம்பி சுற்றப்பட்டிருக்கும். அதன் ஒரு முகத்தில் காப்பு நீக்கப்பட்டுச் செம்பு வெளித்தோன்றும். அம்முகத்தைத் தொட்டவாறே ஒரு கார்பன் பிரஷ் வட்டமாக நகரும். பிரஷ் நிற்கும் சுற்றுக்கேற்ப அழுத்தம் மாறும். 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டல் நெறியே இதற்கு அடிப்படை.

பிரஷ் செம்பினால் ஆகாமல் கார்பனால் ஆகியது ஏன் என்று மாணவர் வினவலாம். நகருங்கால் அஃது அடுத்தடுத்த இரண்டு சுற்றுக்களை ஒருங்கே தொடும். அப்பொழுது அவ்விரண்டிற்கும் இடையே வீண் மின்னோட்டம் எழும். கார்பனின் மின்தடை செம்பினதைவிட மிகுதியாதலின் அவ்வோட்டத்தை அடக்கிவைக்கின்றது. செம்பு பிரஷ் ஆயின் அச்சுற்று கருகிவிடும்.

இரண்டாவது, கூட்டவும் குறைக்கவும் வல்ல மின்மாற்றி. இதனைப் பக்-பூஸ்ட் மின்மாற்றி என்பர். இதன் இரண்டாஞ் சுருள், வரும் மின்சாரத்தின் வழியிலேயே தொடராக இணைக்கப்பட்டிருக்கும். முதற் சுருளின் ஒரு முனை வேரியாக்கின் நடுப்புள்ளியிலும், மறுமுனை பிரஷிலும் இணைந்திருக்கும். பிரஷ் நடுப்புள்ளியில் நின்றால் முதற் சுருளில் அழுத்தம் இல்லை. வந்த மின்சாரம் வந்தவாறே செல்லும். பிரஷ் ஒருபுறம் நகர்ந்தால் இரண்டாஞ் சுருளின் அழுத்தம் வரும் அழுத்தத்தோடு கூடும். மறுபுறம் நகர்ந்தால் அதனின்று கழியும்.

மூன்றாவது, பிரஷை நகர்த்தும் சர்வோ மோட்டார். சில கருவிகளில் நேர்மின் மோட்டாரும், சிலவற்றில் மாறுமின்னால் ஓடும் ஒத்தியங்கு மோட்டாரும் அமையும். எதுவாயினும் இருபுறமும் சுழலவும், நின்ற இடத்தில் சட்டென நிற்கவும் வல்லதாதல் வேண்டும்.

நான்காவது, கட்டளையிடும் மின்னணுச் சுற்று. வெளிச்செல்லும் அழுத்தத்தை இஃது இடையறாது அளக்கும்; அதனை உள்ளே வைத்திருக்கும் மாறாத ஓர் அளவோடு ஒப்பிடும்; குறையின் மோட்டாரை ஒருபுறமும், மிகின் மறுபுறமும் ஏவும்; ஒத்தவுடன் நிறுத்தும்.

ஒரு கணக்கு

5,000 வோல்ட்-ஆம்பியர் சுமையைத் தாங்கும் ஒரு நிலைப்படுத்தியை எடுத்துக்கொள்வோம். வரும் அழுத்தம் 184 வோல்ட்டு, வேண்டுவது 230, கூட்டவேண்டியது 46. வேரியாக்கின் இருமுனைகளும் வெளிச்செல்லும் 230 வோல்ட்டில் இணைந்திருக்குமாயின், நடுப்புள்ளிக்கும் கடைமுனைக்கும் இடையே 115 வோல்ட்டு இருக்கும். ஆகவே 115ஐ 46 ஆக்கும் பக்-பூஸ்ட் மின்மாற்றி போதுமானது. பிரஷ் ஒரு கடைக்குச் சென்றால் 184 என்பது 230 ஆகும்; மறுகடைக்குச் சென்றால் 276 என்பது 230 ஆகும். பிரஷ் ஒரு வோல்ட்டு அளவு நகரும்போது வெளியே மாறுவது 0.4 வோல்ட்டே. ஆதலின் திருத்தம் படிப்படியாகத் தாவாமல் வழுக்கிச் செல்வதுபோல் நிகழ்கின்றது.

இழப்புக்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 184 வோல்ட்டில் 5,000 வோல்ட்-ஆம்பியர் பெறுதற்கு ஏறக்குறைய 27.2 ஆம்பியர் ஓடவேண்டும். பக்-பூஸ்ட் மின்மாற்றி தாங்குவது 46 வோல்ட்டையும் 27.2 ஆம்பியரையும் பெருக்கிய தொகை. அதாவது ஏறக்குறைய 1,250 வோல்ட்-ஆம்பியர். முழுச்சுமையில் நாலில் ஒரு பங்கே மின்மாற்றியின் வழியே செல்கின்றது. எஞ்சியது நேரே செல்கின்றது. இக்கருவி சுமைக்குத் தக்கவாறு சிறிய உருவினதாயும், இழப்புக் குறைந்ததாயும் இருத்தற்குக் காரணம் இதுவேயாம்.

ஊசலாட்டமும் அதன் தீர்வும்

ஏவலாள் மிகவும் சுறுசுறுப்புடையவனாயின் அதுவும் ஒரு குற்றமாம். வெளிச்செல்லும் அழுத்தம் 228 என்று கண்டு மோட்டார் விரைந்தோடி 232இல் நிற்குமாயின், அது மிகை என்று கண்டு திரும்பி 228க்கு வரும், மீண்டும் ஓடும். இங்ஙனம் ஓய்வின்றி அலைதலால் பிரஷ் தேயும், பொறி சூடேறும். வேகங்காக்கும் பொறிகளில் தோன்றும் இத்தகைய அலைவை மாக்ஸ்வெல் 1868இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் கணித முறையால் விளக்கினார். நிலைப்படுத்தியில் இதற்குத் தீர்வாக, 230க்கு இருபுறமும் நூற்றுக்கு ஒன்று போன்ற சிறு எல்லை வகுத்து, அதனுள் அழுத்தம் நிற்கும்வரை மோட்டாரை ஏவாது விடுவர். சிறு குற்றத்தைப் பொறுத்தலே பெருங்குற்றத்தைத் தவிர்க்கும் வழியாயிற்று.

வகைகள்

பேஸ் கணக்கால் இக்கருவி மூவகைப்படும். இல்லங்களுக்கும் சிறு ஆய்வுக்கூடங்களுக்கும் உரியது ஒற்றைப் பேஸ் வகை. ஆலைகளுக்கும் பெருங்கட்டடங்களுக்கும் உரிய மூன்று பேஸ் நிலைப்படுத்தி, சமநிலை வகை என்றும் சமமில்லா வகை என்றும் இரண்டாகும். இவ்விரண்டின் வேறுபாடு வாங்குவோர் பெரிதும் கருதவேண்டியது.

சமநிலை வகையில் மூன்று வேரியாக்குகளின் பிரஷ்களும் ஒரே அச்சில் பொருந்தியிருக்கும். ஒரே மோட்டார் மூன்றையும் ஒருங்கே நகர்த்தும். சமமில்லா வகையில் ஒவ்வொரு பேஸிற்கும் தனி மோட்டாரும் தனிக் கட்டளைச் சுற்றும் உண்டு. சிவப்பு, மஞ்சள், நீலம் என்னும் மூன்று பேஸ்களில் முறையே 190, 210, 230 வோல்ட்டு வருவதாகக் கொள்வோம். சராசரி 210. சராசரியை நோக்கும் ஒற்றை மோட்டார் மூன்றிற்கும் 20 வோல்ட்டு கூட்டும். அப்பொழுது சராசரி 230 ஆயிற்றேயன்றி, ஒன்று 210இல் குறைவுற்றே நிற்க, செவ்வனே இருந்த நீலப் பேஸ் 250 ஆகிக் கெட்டது. மூன்று மோட்டார் உடையதோ 40, 20, 0 என்று தனித்தனியே கூட்டி மூன்றையும் 230 ஆக்கும். வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை மட்டும் நோக்கி மாணவர் எல்லார்க்கும் ஒரே பாடத்தைத் திரும்ப நடத்தும் ஆசிரியரையும், ஒவ்வொருவன் குறையையும் தனித்தனியே அறிந்து திருத்தும் ஆசிரியரையும் இவற்றிற்கு உவமையாகக் கூறலாம். மூன்று பேஸ்களிலும் ஏற்றத்தாழ்வு ஒருமித்தே நிகழும் ஆலைகட்கு விலை குறைந்த சமநிலை வகை போதும். அறைதோறும் விளக்கும் விசிறியும் குளிர்சாதனமும் வெவ்வேறு பேஸ்களில் பிரிந்துகிடக்கும் கல்லூரி, விடுதி, மருத்துவமனை ஆகியவற்றிற்குச் சமமில்லா வகையே தக்கது.

குளிர்விக்கும் முறையால், காற்றாற் குளிர்வது, எண்ணெயிற் குளிர்வது என இருவகை உண்டு. சிறியவற்றிற்குக் காற்றே போதும். பெருஞ்சுமை தாங்குவனவற்றில் சுருள்கள் மின்மாற்றி எண்ணெய் நிறைந்த தொட்டியில் மூழ்கியிருக்கும். எண்ணெய் வெப்பத்தை வாங்கித் தொட்டியின் புறச்சுவருக்குக் கொணர்வதோடு மின்காப்பாகவும் உதவும். தூசி மிக்க இடங்கட்கு இது நன்று. ஆயின் எண்ணெயின் அளவையும் தூய்மையையும் காலந்தோறும் சோதித்தல் வேண்டும்.

தொடும் முறையாலும் இரண்டாகும். மேற்கூறிய வளைய வடிவில் பிரஷ் உராய்ந்து நகரும். பெருங்கருவிகளில் சுருள் தூண்போல் நிமிர்ந்து நிற்க, கார்பன் உருளைகள் அதன்மேல் மேலும் கீழும் உருண்டு செல்லும். உராய்தலினும் உருளுதலால் தேய்வு குறையுமாதலின், மிகுந்த மின்னோட்டத்திற்கு இவ்வமைப்பு விரும்பப்படுகின்றது.

இனமாகிய பிற கருவிகள்

சர்வோ அல்லாத நிலைப்படுத்திகளையும் ஒப்புநோக்குதல் பயனுடைத்து. இல்லங்களில் பரவலாகக் காணப்படும் ரிலே வகை, மின்மாற்றியின் சில கிளைமுனைகளுள் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தாவும். விலை குறைவு, விரைவு மிகுதி, ஆயின் திருத்தம் படிப்படியாகவே அமையும், தாவுந்தோறும் கண்ணிமைப்பொழுது மின்சாரம் அறுதலும் உண்டு. 1938இல் ஜோசப் சோலா அமைத்த மாறா மின்னழுத்த மின்மாற்றியில் நகரும் உறுப்பே இல்லை. இரும்பின் காந்தத் தெவிட்டலைப் பயன்படுத்தி அஃது அழுத்தத்தைக் காக்கும். ஆயின் எடையும் வெப்பமும் மிகுதி. நிலையான மின்னணு வகையோ குறைகடத்திகளால் மிக விரைவாகத் திருத்தவல்லது; தேயும் பிரஷ் இல்லை; விலை மிகுதி. நுட்பமும் பெருஞ்சுமையும் தாங்கத்தக்க விலையும் ஒருங்கே வேண்டுமிடத்தில் சர்வோ தன் இடத்தை இழக்கவில்லை.

செய்யமாட்டாதன

சர்வோவின் வேகத்திற்கு ஓர் எல்லை உண்டு. மோட்டார் சுழன்று பிரஷ் நகர்ந்தாகவேண்டுமாதலின், நொடிக்குச் சில பத்து வோல்ட்டுகளே திருத்த இயலும். மணிக்கணக்கில் நிற்கும் குறைவை அது செவ்வனே நீக்கும். பெரிய மோட்டார் ஒன்று புறப்படுங்கால் தோன்றி ஒரு நொடியில் மறையும் தாழ்வை அது பின்தொடர்ந்து எட்டுமுன் தாழ்வே நீங்கிவிடும். கூட்டியதைக் கழிக்கும்வரை சிறிதுநேரம் அழுத்தம் மிகுந்தும் நிற்கலாம். இடியால் கம்பியில் பாயும் பேரழுத்தம் மிகமிகச் சிறு பொழுதில் வந்து போவது. அதற்குத் தனிக் காப்பே வேண்டும். மூன்று பேஸ் வழங்கலில் நியூட்ரல் கம்பி அறுந்தால், ஒற்றைப் பேஸ் பொறிகட்கு 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தமும் வரக்கூடும். அது திருத்தற்பாலதன்று, உடனே துண்டித்தற்பாலது. ஆதலின் எல்லை கடந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் அமைப்பு நிலைப்படுத்தியில் உளதா என்று பார்த்தே வாங்குதல் வேண்டும். அலையெண்ணையும் அலையின் வடிவையும் இக்கருவி திருத்துவதில்லை. மின்சாரம் நின்றால் இதுவும் நிற்கும்.

அயலார்க்கு ஆவது

இறுதியாக, பலரும் எண்ணாத ஒன்றைக் கூறவேண்டும். நிலைப்படுத்தி மின்சாரத்தை ஆக்குவதில்லை. வழங்கும் கம்பியினின்றே வாங்குகின்றது. 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் கொள்ளும் மின்னடுப்பு ஒன்று, 184 வோல்ட்டில் நேரே இணைந்திருந்தால் 8 ஆம்பியரே கொள்ளும். நிலைப்படுத்தியின் வழியே இணைந்தால் 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் பெறும். அதற்காகக் கம்பியினின்று 12.5 ஆம்பியர் இழுக்கும். 8 என்பது 12.5 ஆகும்போது, கம்பியில் வெப்பமாக வீணாவது ஏறக்குறைய இரண்டரை மடங்காகின்றது. கம்பியில் அழுத்த வீழ்ச்சியும் அதிகரிக்கின்றது. ஆகவே நம் வீட்டில் அழுத்தம் நேராக, கம்பியின் கடைக்கோடியிலுள்ள அயல்வீட்டில் அது மேலும் தாழும். அவ்வீட்டாரும் ஒரு நிலைப்படுத்தியை வாங்கினால் எல்லார்க்கும் தாழும். வாங்கும் பொருளில்லாதவன் வீட்டு விளக்கும், அவன் கழனி மோட்டாரும் இதன் முழுச்சுமையையும் தாங்குகின்றன. ஓரூர் முழுதும் அழுத்தம் குறைந்திருப்பின் உண்மையான மருந்து தடித்த கம்பியும், அண்மையில் அமைந்த மின்மாற்றியும், பேஸ்களில் சுமையை ஒப்பப் பங்கிடுதலுமேயாம். நிலைப்படுத்தி அம்மருந்து வரும்வரை உதவும் துணை, மருந்திற்கு ஈடன்று.

ஆதலின், இக்கருவியை வாங்கக் கருதுவோர் முதலில் கையில் எடுக்கவேண்டியது விலைப்பட்டியலன்று, வோல்ட்டுமானி. காலை, நண்பகல், மாலை, நள்ளிரவு எனப் பல பொழுதில், ஒரு கிழமையேனும், ஒவ்வொரு பேஸிலும் அளந்து எழுதிவைத்தல் வேண்டும். பிறழ்ச்சி சிறிதாயின் கருவி வேண்டா. பேஸ்கள் ஒன்றோடொன்று ஒவ்வாவிடின் முதலில் சுமையைப் பங்கிட்டுப் பார்த்தல் வேண்டும். பின்னரும் குறை நிற்குமாயின், வந்த அளவுகளின் தாழ்ந்த எல்லைக்கும் உயர்ந்த எல்லைக்கும் பொருந்தும் கருவியை, மோட்டார்கள் புறப்படுங்கால் கொள்ளும் மிகுந்த மின்னோட்டத்தையும் கணக்கிற் சேர்த்துத் தெரிந்தெடுக்கலாம். வாங்கிய பின்னும் அளத்தலை விடலாகாது. பிரஷின் தேய்வையும், செப்புமுகத்தின் தூய்மையையும், நில இணைப்பின் உறுதியையும் காலந்தோறும் தேர்ந்த பணியாளரைக்கொண்டு, மின்சாரத்தை நிறுத்திய பின்னர்ச் சோதிப்பித்தல் வேண்டும். அளந்து, ஒப்பிட்டு, வேண்டிய அளவே திருத்துதல் நிலைப்படுத்தியின் தொழில். அதனை வாங்குவோரும் அம்முறையையே கைக்கொள்வாராயின் பொருளும் காக்கப்படும், பொறியும் காக்கப்படும், அயலாரும் இடர்ப்படார்.